பத்தாயிரம் வெள்ளிக்குக் கீழே பெயர் இல்லை

தர்மன் சண்முகரத்னம் சிங்கப்பூர் அதிபராவதற்கு ஆன பிரசாரச் செலவு 738,717 வெள்ளி. அவரை எதிர்த்து நின்ற இங் கொக் சொங் செலவழித்தது 312,131 வெள்ளி. டான் கின் லியான் 71,366 வெள்ளியோடு நிறுத்திக்கொண்டார். 2023 செப்டம்பர் 1ஆம் தேதி வாக்களிப்பு முடிந்த பிறகு மூவரும் தேர்தல் துறையிடம் கொடுத்த கணக்கு இது. பழைய நாளிதழைப் புரட்டத் தெரிந்தவர் எவரும் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். நான் தேடப் புறப்பட்டது வேறு: அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வந்தது?

முதல் தடயம் விளக்குக் கம்பத்தில் இருந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் சிராங்கூன் ரோட்டில் அன்னாசிப்பழச் சின்னத்தோடு தர்மன் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை ரசிப்பவர்கள் பார்க்காத ஓர் இடம் சுவரொட்டியின் அடி ஓரம். கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய பொடி எழுத்தில் அங்கே ஒரு வரி ஓடும்: அச்சடித்தவர் யார், வெளியிட்டவர் யார், யாருக்காக வெளியிட்டார். தேர்தல் சட்டம் கட்டாயமாகக் கேட்கும் வரி அது. ஆகவே சுவரொட்டிக்குக் கொடுத்த காசு எந்த அச்சகத்துக்குப் போனது என்பதைத் தெருவில் நின்றபடியே தெரிந்துகொள்ளலாம். போன வழிக்கு இப்படிப் பெயரும் முகவரியும் உண்டு. வந்த வழியைச் சொல்லும் எழுத்து எந்தக் கம்பத்திலும் இல்லை. (இங் கொக் சொங் சுவரொட்டியே வேண்டாம் என்று முடிவெடுத்தவர். அவரிடம் இந்தத் தடயம்கூடக் கிடைக்காது.)

லிட்டில் இந்தியாவில் திரிகிறவர்களுக்கு இந்த விசாரணையில் ஒரு வசதி இருக்கிறது. வேட்பாளர்கள் மனுத்தாக்கல் செய்யும் மக்கள் கழகத் தலைமையகம் கிங் ஜார்ஜஸ் அவென்யூவில், ஜாலான் புசாருக்கு அந்தப் பக்கம். கணக்கு வழக்கைப் பார்க்கும் தேர்தல் துறை பிரின்சப் லிங்க்கில், சிலிகி ரோட்டுக்கு இந்தப் பக்கம். தேக்காவில் ஒரு டீ குடித்துவிட்டு இரண்டுக்கும் நடந்தே போகலாம். அதிபர் வேட்பாளர் ஒருவரின் காகிதப் பயணம் தொடங்கும் இடமும் முடியும் இடமும் நம் பேட்டையின் இரு ஓரங்களில் இருக்கின்றன.

காகிதங்களை அந்த வரிசையிலேயே பார்த்தேன். மனுத்தாக்கலுக்கு வருபவர் கையில் தகுதிச் சான்றிதழும் சமூகச் சான்றிதழும் இருக்க வேண்டும். அவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு, அரசியல் நன்கொடைச் சான்றிதழ். அதை வாங்க, முந்தைய பன்னிரண்டு மாதத்தில் தனக்கு வந்த நன்கொடைகளை வேட்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். இது இல்லாமல் மனு செல்லாது. அதிபர் தேர்தலின்போது தகுதிச் சான்றிதழைப் பற்றித்தான் காப்பிக் கடை முழுக்கப் பேச்சு. இந்த மூன்றாவது தாளைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

அந்தத் தாளை ஆளும் விதிகள் சிக்கலானவை அல்ல. 21 வயது நிரம்பிய சிங்கப்பூர்க் குடிமக்கள் கொடுக்கலாம். இங்கே பதிவாகி, இங்கே தொழில் நடத்தி, பெரும்பான்மை இயக்குநர்களும் பங்குதாரர்களும் குடிமக்களாக இருக்கும் நிறுவனம் கொடுக்கலாம். வெளிநாட்டார் ஒரு காசும் தரக்கூடாது. பெயர் சொல்லாதவர்கள் தந்தது எல்லாம் சேர்த்து 5,000 வெள்ளியைத் தொடக்கூடாது. ஒரே ஆள் ஒரே தடவையிலோ பல தடவையிலோ 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் தந்தால் அவர் பெயர் அறிக்கையில் ஏறும். அதற்குக் கீழே தந்தவர் குடிமகனா என்று வேட்பாளர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவருடைய பெயர் அறிக்கைக்கு வராது.

செலவுப் பக்கம் இதற்கு நேர்மாறு. உச்சவரம்பு 600,000 வெள்ளி, அல்லது ஒரு வாக்காளருக்கு 30 காசு, இரண்டில் எது அதிகமோ அது. 2023ல் வாக்காளர் எண்ணிக்கை 27 லட்சத்தைத் தாண்டியதால் வரம்பு 812,822 வெள்ளி 10 காசு என்று வந்தது. அந்தப் பத்துக் காசைக் கவனியுங்கள். எவ்வளவு செலவழிக்கலாம் என்பதைக் காசு சுத்தமாகச் சொல்லும் சட்டம், எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு வரம்பே வைக்கவில்லை. ஒரு குடிமகன் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

கணக்குகளைப் பொதுமக்கள் பார்ப்பதற்குச் சட்டம் ஒரு கால அளவு தருகிறது. தேர்தலுக்குப் பிறகு சில மாதங்கள் அவை திறந்திருக்கும், பிறகு மூடிவிடும். காலம் தப்பி வந்த ஆய்வாளனுக்கு அன்றைய நிருபர் எதைக் குறித்துக்கொண்டாரோ அதுதான் மிச்சம். எனவே விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் 11வது மாடிக்கு ஏறினேன். லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் நுண்படச் சுருள்களும் அவற்றைப் பார்க்கும் கருவிகளும் இருக்கின்றன. தமிழ் முரசு உட்படப் பழைய இதழ்களை இணையத்திலும் தேடலாம். இணையத்தில் தேடினால் கேட்ட சொல் மட்டும் வருகிறது. சுருளை உருட்டினால் கேட்காததும் கண்ணில் படுகிறது. பணத்தைத் தேடுகிறவனுக்கு இரண்டாவது வழிதான் உதவும், ஏனென்றால் பணச் செய்தி பணம் என்ற தலைப்பில் வராது.

2011 ஆகஸ்ட் 27 தேர்தலில் நான்கு டான்கள். டோனி டான் வென்றார், டான் செங் போக்கை 7,382 வாக்குகளில் முந்தி. செலவிலோ டான் செங் போக்தான் முதலிடம். இருவருமே ஐந்து லட்சம் வெள்ளியைத் தாண்டியவர்கள். கடைசியில் வந்த டான் கின் லியான் எழுபதாயிரம் வெள்ளி அளவில் செலவழித்து, 4.91 விழுக்காடு வாக்கோடு 48,000 வெள்ளி வைப்புத்தொகையையும் இழந்தார். எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே மனிதர், ஏறக்குறைய அதே தொகை, வாக்கு மட்டும் மூன்று மடங்குக்கும் மேல். 13.87 விழுக்காடு வாங்கியதால் இம்முறை 40,500 வெள்ளி வைப்புத்தொகை தப்பியது. 2023 தொகைகளை வாக்குகளால் வகுத்துப் பார்த்தேன்: தர்மனுக்கு ஒரு வாக்கு சுமார் 42 காசு, இங் கொக் சொங்கிற்கு 80 காசு, டான் கின் லியானுக்கு 21 காசு. பணம் கொட்டினால் வாக்கு விழும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் பெரிதாக உதவாது.

இன்னும் பின்னால் போனால் கணக்கே மெலிந்துவிடுகிறது. 1993ல் முதல் முறையாக மக்கள் வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓங் டெங் சியோங்கை எதிர்த்து நின்றவர் முன்னாள் தலைமைக் கணக்காளர் சுவா கிம் இயோ. மற்றவர்கள் வற்புறுத்தியதால் அரைமனதோடு களத்துக்கு வந்த அவர் பிரசாரம் என்று பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் 41 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினார். யார் கொடுத்தார்கள் என்ற கேள்வி அவரிடம் எழவே வழியில்லை. 1999லும் 2005லும் எஸ் ஆர் நாதன் போட்டியின்றி வந்தார். பன்னிரண்டு ஆண்டு இஸ்தானாவில் இருந்த ஒரு தமிழரின் பெயரைச் சொல்லித் தேடினால் பிரசாரப் பணம் என்று எதுவும் கையில் சிக்காது. ஆனால் போட்டியில்லை என்றால் செலவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்: 2017ல் போட்டியின்றி அதிபரான ஹலிமா யாக்கோப்பின் கணக்கு இரண்டு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. வாக்குச்சாவடி திறக்கும் என்று எண்ணித்தானே அச்சகத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டியிருக்கிறது.

இங்கே தேடல் ஒரு சுவரில் முட்டியது. 2001க்கு முன்பு, செலவு எவ்வளவு என்று சட்டம் கேட்டது. யார் கொடுத்தார் என்று கேட்கவில்லை. அரசியல் நன்கொடைச் சட்டம் 2000ல் நிறைவேறி 2001 பிப்ரவரி 15ல் நடப்புக்கு வந்தது. மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் வோங் கான் செங். இது எனக்கு உறுத்தியது. தேர்தல் துறை பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கிறது. நன்கொடைக் கணக்கு எப்படி உள்துறையின் கவலையானது? காவல்துறையும் உள்நாட்டுப் பாதுகாப்பும் எங்கிருக்கின்றனவோ அங்கிருந்து ஏன் இந்த மசோதா வர வேண்டும்?

விடை 1959ல் கிடந்தது. சுருளை அந்த ஆண்டின் பிப்ரவரிக்கு உருட்டினேன்.

அப்போது பிப்ரவரி 15 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மக்கள் செயல் கட்சியின் தேர்தல் கூட்டம். கட்சித் தலைவர் டோ சின் சாய் பேச எழுந்தார். முதலமைச்சர் லிம் இயூ ஹோக்கின் அரசாங்கத்துக்கு அமெரிக்கர்கள் ஐந்து லட்சம் வெள்ளி கொடுத்திருக்கிறார்கள், அது கல்வி அமைச்சர் சியூ சுவீ கீ மூலம் வந்தது என்று போட்டு உடைத்தார். மார்ச் மாதத் தொடக்கத்தில் அமைச்சர் பதவி விலகினார். ஏப்ரலில் நீதிபதி பட்ரோஸ் தலைமையில் விசாரணை ஆணையம் உட்கார்ந்தது. நியூயார்க் நேஷனல் சிட்டி வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் இருந்த கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. டோ சொன்னதைவிடத் தொகை பெரிது: 1957ல் மூன்று லட்சம், 1958ல் ஐந்து லட்சம். அரசியலுக்காக வந்த அன்பளிப்பு என்றார் சியூ. அந்த அன்பளிப்பில் ஒரு பகுதி ஈப்போவில் மனைவி பெயரில் வீடாகவும், இன்னொரு பகுதி சுரங்கத் தொழிலில் முதலாகவும் மாறியிருந்தது. கொடுத்த கையின் பெயர் மட்டும் வெளியே வரவில்லை.

அந்த ஆணைய அறிக்கையின் தலைப்பைப் படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. அமைச்சரின் ஐந்து லட்சம் வெள்ளி வங்கிக் கணக்கைப் பற்றியும், அது தொடர்பாக வருமான வரித் துறையிலிருந்து தகவல் கசிந்ததைப் பற்றியும் என்று இரண்டையும் ஒரே தலைப்பில் கட்டியிருந்தார்கள். அமைச்சரின் கணக்கு வரித் துறைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அங்கிருந்து எதிர்க்கட்சியின் காதுக்கு எட்டியது. திருட்டுப் போனதை விசாரிக்கும்போதே கூச்சல் போட்டவன் யார் என்றும் விசாரித்த அறிக்கை அது. மே 30ல் நடந்த தேர்தலில் மக்கள் செயல் கட்சி 51ல் 43 இடங்களைப் பிடித்தது. வெற்றிக்கு வேறு பல காரணங்கள் உண்டு என்றாலும், லிம் இயூ ஹோக் அணியின் முதுகெலும்பை முறித்ததில் அந்த வங்கிக் கணக்குக்குப் பங்கு இருந்தது.

இன்று வரை ஆளும் கட்சி, வெளிநாட்டுப் பணத்தைப் பிடித்துக் காட்டித்தான் ஆட்சிக்கு வந்த கட்சி. அதன் நினைவில் அரசியல் பணம் என்றால் வெளியிலிருந்து வரும் கை. உள்ளூர்ப் பணக்காரன் ஒருவன் வேட்பாளர் ஒருவரை விலைக்கு வாங்கக்கூடும் என்ற பயம் 1959 பாடத்தில் இல்லை. அதனால் 2000ல் எழுதிய சட்டத்திலும் அதற்கு வேலி போடவில்லை. காகிதங்களைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரிகிறது: இது வெளிநாட்டார் பணமா என்ற கேள்விக்கு மூலைமுடுக்கெல்லாம் விதி. இது யாருடைய பணம் என்ற கேள்விக்குப் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல் மட்டும் பதில்.

வெளிநாட்டுப் பயம் வீண் என்று சொல்ல வரவில்லை. இத்தனை சிறிய நாட்டில், அயல்நாட்டார் ஒருவருக்குச் சில்லறையாகத் தெரியும் தொகை இங்கே ஒரு முழுத் தேர்தலின் செலவு. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெயரைச் சொல்லி எதிரணிக்குக் காசு கொடுக்கத் தயங்கும் ஊரில், பெயர் சொல்லாத நன்கொடைக்கு 5,000 வெள்ளி என்று மொத்தமாகக் கூரை போட்டால் அந்தக் கூரை யார் தலையில் இடிக்கும்? யாழ்ப்பாணத்தில் பிறந்த எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே பி ஜெயரத்தினம் நொடித்துப்போனவராக அறிவிக்கப்பட்டு நாடாளுமன்ற இடத்தையும் இழந்த பிறகு, தம் புத்தகங்களைச் சிட்டி ஹால் எம்ஆர்டி வாசலில் நின்று விற்றார். அந்தப் பக்கம் போனவர்கள் பலருக்கு நினைவிருக்கும். நன்கொடை என்று எழுதிக்கொடுக்கக் கூச்சப்படுகிறவன்கூடப் புத்தகம் வாங்கிக்கொண்டு போகலாம் அல்லவா.

அதே ஜெயரத்தினம் 1993ல் அதிபர் தேர்தலுக்கும் மனுச் செய்தவர். தேர்தல் குழு தகுதிச் சான்றிதழ் கொடுக்கவில்லை. இங்கேதான், எந்தச் செலவுக் கணக்கிலும் ஏறாத பெரும் பணம் ஒளிந்திருக்கிறது. தனியார் துறையிலிருந்து வருகிறவர் தலைமையேற்று நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் மூலதனம் சராசரி 500 மில்லியன் வெள்ளி இருக்க வேண்டும். முன்பு செலுத்திய மூலதனம் 100 மில்லியன் என்று இருந்ததை 2016ல் இப்படி உயர்த்தினார்கள். 2017ல் சாலே மரிக்கானும் ஃபரீத் கானும் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 2023ல் ஜார்ஜ் கோ தம் ஐந்து நிறுவனங்களைச் சேர்த்துக் கூட்டிக் காட்டினார்; குழு ஏற்கவில்லை. எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் செலவழிக்கக்கூடாது என்று வரம்பு போட்ட பந்தயத்தில், ஓடுகளத்துக்குள் கால் வைக்க ஐம்பது கோடி வெள்ளி நிறுவனத்தை நடத்திக் காட்ட வேண்டும். அல்லது அமைச்சராக, தலைமை நீதிபதியாக, நாடாளுமன்ற நாயகராக அரசாங்கத்துக்குள்ளேயே உயர்ந்திருக்க வேண்டும். பிரசாரத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டு போன எனக்கு, வாசலிலேயே வடிகட்டிவிடுவதால் உள்ளே அதிகப் பணம் தேவைப்படவில்லை என்றுதான் காகிதங்கள் சொல்லின. அறிமுகமே தேவைப்படாத ஒருவரை அறிமுகப்படுத்த எத்தனை சுவரொட்டி வேண்டும்?

அக்கம்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்தேன். இலங்கையில் அதிபர் தேர்தல் செலவுக்கு வரம்பே இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடின. 2023ல்தான் சட்டம் வந்தது. 2024 செப்டம்பர் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைந்த வாக்காளர்கள் என்பதால் ஒரு வேட்பாளர் 180 கோடி ரூபாய்க்கு மேலும் செலவழிக்க இடமிருந்தது. இந்தியாவில் குடியரசுத் தலைவரைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுக்கிறார்கள். வைப்புத்தொகை 15,000 ரூபாய், தெருவில் சுவரொட்டி கிடையாது. அங்கே கட்சிப் பணத்தைப் பற்றிய பெரிய சண்டை தேர்தல் பத்திரத்தில் நடந்தது. கொடுத்தவர் பெயரை மறைத்த அந்தத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15ல் ரத்து செய்தது. டோ சின் சாய் மேடையேறியதும் பிப்ரவரி 15, நம் நன்கொடைச் சட்டம் நடப்புக்கு வந்ததும் பிப்ரவரி 15. இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆவணக் காப்பகத்தில் நேரம் போக்குகிறவனின் கண்ணுக்கு இப்படித்தான் ஏதாவது படும். ஆனால் இரண்டு நாடுகளின் வேறுபாடு அர்த்தமுள்ளது. இந்திய நீதிமன்றம் வாக்காளரின் தெரிந்துகொள்ளும் உரிமையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதியது. சிங்கப்பூர்ச் சட்டம் நாட்டின் பாதுகாப்பிலிருந்து தொடங்கியது.

அந்தத் தொடக்கம் இப்போது இன்னும் கெட்டிப்பட்டிருக்கிறது. வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டம் 2021 அக்டோபரில் நிறைவேறியது. அதன் நன்கொடைப் பகுதி 2023 டிசம்பர் 29ல் நடப்புக்கு வந்தபோது, பழைய அரசியல் நன்கொடைச் சட்டம் நீக்கப்பட்டது. ஆக, தர்மன், இங், டான் மூவரும் பழைய சட்டத்தின் கீழ் நன்கொடைச் சான்றிதழ் வாங்கிய கடைசி அதிபர் வேட்பாளர்கள். நன்கொடைப் பதிவகமும் பிரின்சப் லிங்க்கிலிருந்து உள்துறை அமைச்சுக்கு மாறிவிட்டது. தேக்காவிலிருந்து நடந்து போகும் வசதி அந்த மட்டுக்கும் போயிற்று. வெளிநாட்டார் காசு மட்டுமல்ல, அரசியல் வேலைக்கு அவர்கள் சம்பளமில்லாமல் தரும் உழைப்பும் இப்போது தடைக்குள் வருகிறது.

அடுத்த அதிபர் தேர்தல் 2029க்குள் வர வேண்டும். அதற்குள் வாக்காளர் எண்ணிக்கை கூடும், 30 காசுக் கணக்கில் வரம்பும் கொஞ்சம் ஏறும். வேலை அனுமதியில் இங்கிருக்கும் ஊழியர் ஒருவர் வேட்பாளருக்குப் பத்து வெள்ளி நீட்டினால் வாங்கக்கூடாது. குடிமகன் ஒருவர் ஐந்து லட்சம் வெள்ளி கொடுத்தால் வாங்கலாம், பெயரை எழுத வேண்டும். ஏறக்குறைய அதே தொகையை ஐம்பது குடிமக்கள் ஆளுக்கு 9,999 வெள்ளியாகக் கொடுத்தால், அறிக்கையில் ஒரு பெயரும் இருக்காது.